சித்திரைப் புழுதியில் வராத தும்மல் ஆடிச் சாரலில் வருவது ஏன்? தூசி ஒவ்வாமைக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீடு அம்பாசமுத்திரம் பக்கம். சித்திரை வெயிலில் தெருவெல்லாம் புழுதி பறக்கும். என் மூக்கு அதைக் கண்டுகொள்ளாது. ஆனியில் மேற்கு மலையில் மேகம் இறங்கி, குற்றாலத்தில் சீசன் தொடங்கி, சாரல் காற்று எங்கள் ஊர் வரை எட்டியதும் ஆரம்பிக்கும். விடிகாலை ஐந்தரைக்குப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தால் வரிசையாகப் பத்துப் பதினைந்து தும்மல். பக்கத்து வீட்டு ஆச்சி அதைக் கேட்டுத்தான் பால் வாங்கக் கிளம்புவாள்.

பல வருடம் இதைச் 'சளி' என்று நினைத்து ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். அப்புறம் 'சைனஸ்' என்றார்கள், அதற்கும் சாப்பிட்டேன். கடைசியில் ஒரு மருத்துவர் கேட்ட ஒரு கேள்விதான் கதையை மாற்றியது: "தும்மல் எங்கே வச்சு வருது, ரோட்டிலயா, படுக்கையிலயா?" நான் மருத்துவன் இல்லை. இருபது வருடம் தும்மியவன் என்ற தகுதியில், அந்தக் கேள்விக்குப் பிறகு தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். மருந்தின் அளவை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

படி 1: உங்கள் தூசி எது?

'டஸ்ட் அலர்ஜி' என்று நாம் சொல்வதில் இரண்டு வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன.

ஒன்று, மூக்கை வெறுமனே உறுத்தும் தூசி. குவாரித் தூசி, சிமெண்ட், சுண்ணாம்பு, நெல் தூற்றும்போது வரும் பதர், சாம்பிராணிப் புகை, கொசுவத்திச் சுருள் எல்லாம் இந்த வகை. அளவு மிஞ்சினால் யாருக்கும் தும்மலும் இருமலும் வரும். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவருக்குச் சீக்கிரம் வரும்.

இன்னொன்று உண்மையான ஒவ்வாமை. உடலின் எதிர்ப்புச் சக்தி, கெடுதல் செய்யாத ஒரு புரதத்தை எதிரி என்று தவறாகக் குறித்துவைத்து, ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளைத் தயாரித்துக் காத்திருக்கும். அந்தப் புரதம் மறுபடி மூக்கில் பட்டதும் ஹிஸ்டமின் வெளியாகி அரிப்பு, தும்மல், நீர்க்கோப்பு. வீட்டுத் தூசியில் இந்த வேலையைச் செய்வதில் முதல் இடம் தூசி உண்ணிக்கு. மாட்டில் ஒட்டும் உண்ணிக்கும் சிலந்திக்கும் தூரத்து உறவு. நீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர், கண்ணுக்குப் படாது, கடிக்காது. நம் தோலில் இருந்து உதிரும் செதிலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழும். வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு இந்த உண்ணியே மூலம் என்பதை 1964-இல் நெதர்லாந்து நாட்டின் லைடன் ஆய்வாளர்கள் எடுத்துச் சொன்னார்கள். தொல்லை தருவது பெரும்பாலும் அதன் எச்சத்தில் இருக்கும் புரதம்.

ஆடி ரகசியம் இங்கேதான் இருக்கிறது. இந்த உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றில் உள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் வற்றிச் சாகும். சித்திரையின் வறண்ட வெயில் அதற்கு ஆகாது. சாரல் காலத்திலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் பெருகும். சுவரில் பூக்கும் பூஞ்சணத்துக்கும் அதே ஈரம்தான் தீனி. ஆக, ஈரமான மாதங்களில் தொல்லை கூடினால் உண்ணி, பூஞ்சணம் இரண்டையும் முதலில் சந்தேகிக்கலாம்.

கரப்பான் பூச்சியின் எச்சமும் உதிர்ந்த ஓடும், பூனை நாயின் தோல் செதிலும் இதே ரகம். வீட்டைவிட வெளியில் இருக்கும்போது தொல்லை அதிகம் என்றால் பார்த்தீனியம், சீமைக்கருவேலம் போன்றவற்றின் மகரந்தத்தையும் கணக்கில் சேருங்கள்.

படி 2: சளியா, ஒவ்வாமையா?

சாதாரணச் சளி ஏழு முதல் பத்து நாளில் போய்விடும். உடம்பு வலி, சில சமயம் காய்ச்சல், தொண்டை வலி கூட வரும். ஒவ்வாமையில் காய்ச்சல் இருக்காது, அரிப்பு இருக்கும். மூக்கு, கண், மேலண்ணம், சிலருக்குக் காதுக்குள்ளும் அரிக்கும். மூக்கில் இருந்து வடிவது தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். தும்மல் ஒற்றையாக வராது, சரம் சரமாக வரும். வாரக்கணக்கில் நீளும், அல்லது ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில் திரும்பி வரும்.

பிள்ளைகள் இதையெல்லாம் சொல்லமாட்டார்கள், நாம்தான் பார்க்க வேண்டும். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். அதனாலேயே மூக்குத் தண்டின் மேல் குறுக்கே ஒரு கோடு விழும். கண்ணுக்குக் கீழே கருமை, வாயைத் திறந்துகொண்டு தூங்குவது, குறட்டை, அடிக்கடி தொண்டையைச் செருமுவது. வகுப்பில் தூங்கி வழிகிறான் என்று அடி வாங்கும் பையன் ராத்திரி மூக்கடைப்பில் சரியாகத் தூங்காதவனாக இருக்கலாம்.

'சைனஸ்' என்ற சொல்லை எங்கள் பக்கம் எல்லா மூக்குத் தொல்லைக்கும் போட்டுவிடுகிறார்கள். சைனஸ் என்பது எல்லோருக்கும் முகத்து எலும்புக்குள் இருக்கும் காற்றறை. அதில் கிருமி தொற்றினால் கெட்டியான மஞ்சள் சளி, முகத்தில் வலி, காய்ச்சல் என்று வரும். ஒவ்வாமையால் மூக்கு நாள்கணக்கில் அடைத்துக் கிடந்தால் அங்கே போய் முடியலாம். ஆனாலும் இரண்டும் வேறு.

கீழே உள்ளவை வெறும் தூசித் தும்மல் கணக்கில் வராது, தள்ளிப்போடாதீர்கள்:

- மூக்கின் ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, ரத்தம், நாற்றம். சின்னப் பிள்ளை என்றால் புளியங்கொட்டையோ பாசிமணியோ உள்ளே இருக்கலாம்.
- இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு. காசநோய்க்குச் சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம்.
- ராத்திரியும் விடிகாலையும் நெஞ்சில் விசில் சத்தம், இளைப்பு. ஒவ்வாமை மூக்கோடு நிற்காமல் ஆஸ்துமாவாகச் சேர்ந்திருக்கலாம்.

படி 3: முப்பது நாள் நோட்டு

காசு செலவில்லாத சோதனை இது. எனக்கு மிகவும் உதவியதும் இதுதான். ஒரு பழைய டைரியில் தினமும் மூன்று வரி: எத்தனை மணிக்குத் தும்மல் அல்லது இளைப்பு வந்தது, அப்போது எங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன மருந்து போட்டீர்கள். கூடவே வானிலை, அதாவது வெயிலா, சாரலா, வெறும் காற்றா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாரத்தில் எத்தனை நாள் தொல்லை என்பதையும் எண்ணுங்கள். வாரம் நான்கு நாளோ அதற்கு மேலோ, அதுவும் தொடர்ந்து நான்கு வாரத்துக்கு மேலும் இருந்தால் மருத்துவர்கள் அதை 'நீடித்த' வகையில் சேர்ப்பார்கள். மருந்தும் அதற்கேற்ப மாறும்.

நோட்டு பேசும். எழுந்த உடனே தும்மல், பத்து மணிக்கு மேல் சரி என்றால் படுக்கையைப் பாருங்கள். சமையலறை விளக்கை ராத்திரி போடும்போது வந்தால் கரப்பான். பழைய புத்தக அடுக்கு, அடைத்துக் கிடந்த மச்சு, மழைக்கு ஊறிய சுவர் என்றால் பூஞ்சணம். வெளியூரில் தங்கை வீட்டுக்குப் போன நான்கு நாளும் நன்றாக இருந்தது என்றால் உங்கள் வீட்டுக்குள்தான் ஆள் இருக்கிறது. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் வீட்டில் பீடி சுற்றுகிறவர்கள் தட்டு எடுத்த நாளையும் எடுக்காத நாளையும் தனியாகக் குறியுங்கள். வேலை இல்லாத நாளில் நெஞ்சு லேசானால் மருத்துவரிடம் முதல் வாக்கியமாக அதைச் சொல்ல வேண்டும். புகையிலைத் தூளுக்கான வழி வேறு: தூள் வைத்திருக்கும் அறையில் படுக்கக்கூடாது, பிள்ளையைத் தூங்கவைக்கவும் கூடாது.

படி 4: மருத்துவரும் பரிசோதனையும்

மூக்கு மட்டும் என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவர். இளைப்பும் உண்டென்றால் நெஞ்சக மருத்துவர். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரண்டு துறையும் உண்டு. நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

பெரும்பாலும் முதலில் எடுக்கச் சொல்வது ஈசினோபில் என்ற ரத்த வெள்ளணுவின் எண்ணிக்கையும் மொத்த ஐஜிஇ-யும். 'ஈசினோபீலியா இருக்கு' என்று ரிப்போர்ட்டைக் காட்டி அதையே நோயின் பெயராகச் சொல்கிறவர்கள் நிறைய. இந்த இரண்டும் ஒவ்வாமையில் கூடும். வயிற்றுப் பூச்சியாலும் யானைக்கால் கிருமியாலும் கூடும். ஒவ்வாமை இருந்தும் கூடாமலும் இருக்கும். இதை வைத்து எந்தத் தூசி என்று சொல்ல முடியாது.

அதைச் சொல்வது தோல் குத்துச் சோதனை. முன்கையின் உட்புறத்தில் ஒவ்வொரு பொருளின் சாற்றிலும் ஒரு சொட்டு வைத்து, நுனி ஊசியால் மேல்தோலில் லேசாகக் குத்துவார்கள். ரத்தம் வராது. பதினைந்து இருபது நிமிடத்தில் கொசு கடித்தது போலத் தடிப்பு வரும். வெறும் உப்பு நீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் அந்தப் பொருளுக்கு எதிராக உடல் ஐஜிஇ தயாரித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். செட்ரிசின் போன்ற மாத்திரைகளை ஒரு வாரம் நிறுத்திவிட்டுப் போக வேண்டும். நான் முதல் தடவை முதல் நாள் ராத்திரி மாத்திரை போட்டுவிட்டுப் போய், கை சமதரையாக இருக்க, வீணாகத் திரும்பினேன். கர்ப்பம், கட்டுக்கு வராத ஆஸ்துமா, ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் பீட்டா பிளாக்கர் எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். தோல் சோதனை முடியாதவர்களுக்குக் குறிப்பிட்ட பொருளுக்கான ஐஜிஇ ரத்தச் சோதனை உண்டு. அதற்கு மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். தடிப்பு வந்தாலே நோய் என்று இல்லை. நோட்டில் உள்ளதும் சோதனையும் பொருந்தினால்தான் கணக்கு. நூறு பொருளுக்கு ஒரே பேக்கேஜ் என்று ரத்தம் எடுத்து, கத்திரிக்காய், பால், கோதுமை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லும் ரிப்போர்ட்டோடு வந்து, வருடக்கணக்கில் மோர் குடிக்காமல் இருந்தவரை எனக்குத் தெரியும். மோருக்கும் அவர் மூக்குக்கும் சம்பந்தமே இல்லை. தலைமுடியை வைத்துச் சொல்லும் சோதனைக்கும், ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் பொருளை வைத்துச் செய்யும் உணவுச் சோதனைக்கும் காசு கொடுக்காதீர்கள்.

இளைப்பு இருந்தால் ஊதும் சோதனை, அதாவது ஸ்பைரோமெட்ரி, அவசியம். ஊதிவிட்டு, மருந்தை இழுத்துவிட்டு, மறுபடி ஊதச் சொல்வார்கள். ஊதும் அளவு நன்றாகக் கூடினால் ஆஸ்துமாவின் பக்கம் கை காட்டும்.

படி 5: படுக்கையறை

வீடு முழுவதையும் சுத்தம் செய்யப் புறப்பட்டால் ஒரு மாதத்தில் சலித்துவிடும். எட்டு மணி நேரம் முகத்தைப் புதைத்துக் கிடக்கும் இடத்தை மட்டும் முதலில் பிடியுங்கள். இதில் ஒரே ஒரு வேலையைச் செய்துவிட்டுப் பலனை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். சேர்த்துச் செய்ய வேண்டும்.

இலவம் பஞ்சு மெத்தையும் தலையணையும் முதல் குற்றவாளி, அதிலும் தாத்தா காலத்து மெத்தை. மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த உறையால் ஆறு பக்கமும் மூடுங்கள். வெறும் பிளாஸ்டிக் தாளும் தடுக்கும்தான், ஆனால் நம் ஊர் வெக்கைக்கு முதுகு வெந்துவிடும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு நல்ல வழி கைக்கெட்டிய தூரத்திலேயே இருக்கிறது: கட்டிலில் கோரைப்பாய். பத்தமடையில் கல்யாணப் பாய்தான் நெய்வார்கள் என்று இல்லை, சாதாரணப் பாயும் கிடைக்கும். பாயில் உண்ணி ஒளிய ஆழம் குறைவு, துடைக்கலாம், வெயிலில் போடலாம். சாரல் காலத்தில் மட்டும் பூஞ்சணம் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போர்வை, விரிப்பு, தலையணை உறையை வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் ஊறவைத்துத் துவைக்க வேண்டும். 55 டிகிரிக்கு மேல்தான் உண்ணி சாகும். பச்சைத் தண்ணீரில் புரதம் கொஞ்சம் கழுவப்படும், உண்ணி தப்பிவிடும். வெந்நீர் மெஷின் இல்லையா? கொதிக்கும் தண்ணீர் ஒரு வாளி, குழாய்த் தண்ணீர் ஒரு வாளி கலந்தால் ஏறக்குறைய 65 டிகிரி வரும். துணியை முக்கிக் கால் மணி நேரம் மூடிவையுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

சித்திரை, வைகாசியில் தலையணைகளை உச்சி வெயிலில் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில் போட்டு, இரண்டு பக்கமும் புரட்டிக் காயவைப்பது நல்ல பழக்கம். சூடும் வறட்சியும் உண்ணியைக் கொல்லும். செத்த உண்ணியின் மிச்சம் அப்படியே இருக்கும் என்பதால் வெயிலோடு தட்டுவதும் வேண்டும். ஒவ்வாமை உள்ளவர் கையில் தடியைக் கொடுக்காதீர்கள்.

பெருக்குவது பற்றி. உண்ணியின் புரதம் கனமான துகளில் ஒட்டியிருப்பதால் அசைக்காமல் விட்டால் அரை மணி நேரத்தில் தரையில் உட்கார்ந்துவிடும். வாரியலை எடுத்து வீசினால் அத்தனையும் எழும்பும். ஈரத்துணியால் துடையுங்கள், மின்விசிறி இறக்கையை வாரம் ஒரு தடவை ஈரத்துணியால் வழியுங்கள். துகள் சீக்கிரம் உட்கார்ந்துவிடும் இதே காரணத்தால், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரம் உண்ணி ஒவ்வாமைக்குப் பெரிதாக உதவாது.

தண்ணீர் ஊற்றும் ஏர்கூலர் வாங்குவதற்கு முன் யோசியுங்கள், அது அறைக்குள் ஈரத்தைக் கூட்டும். ஏசி ஈரத்தைக் குறைக்கும், ஆனால் வடிகட்டியைக் கழுவாவிட்டால் பூஞ்சணத்தை ஊதும்.

பொம்மைகளைப் பாலித்தீன் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு நாள் வைத்து, அப்புறம் துவையுங்கள். நாற்காலியில் குவிந்த துணி பீரோவுக்குள் போகட்டும். கட்டிலை ஈரச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளிப்போடுங்கள். கரப்பானுக்கு ஸ்ப்ரே வேண்டாம், அந்த வாடையே மூச்சை இழுக்கும்; ஜெல் பொட்டு வைத்து, ராத்திரியே பாத்திரம் கழுவிவிடுங்கள்.

மார்கழிக் கடைசியில் பொங்கலுக்கு வீடு ஒதுக்கும் வைபவம் தனி ரகம். ஒட்டடை அடிப்பது, பரணில் இருந்து வெண்கலப் பானை இறக்குவது, வெள்ளையடிப்பது என ஒரு வருடத் தூசி ஒரே நாளில் இறங்கும். வேலை நடக்கும் அன்று ஒவ்வாமைக்காரரை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். 'வேலைக்குப் பயந்து ஓடுறான்' என்று என்னை இன்னும் சொல்கிறார்கள், சொல்லட்டும். இருந்தே ஆக வேண்டும் என்றால் என்95 முகக்கவசம். மூக்கில் கட்டும் துண்டு போதாது.

படி 6: மருந்து

தும்மல், அரிப்புக்கு ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரைகள். அவில் போன்ற பழைய ரகம் தூக்கத்தைக் கொண்டுவரும். போட்டுவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். செட்ரிசின், லெவோசெட்ரிசினில் தூக்கம் குறைவு, சிலருக்கு வரும். லோராடடின், ஃபெக்சோஃபெனடின் இன்னும் மேல். ஃபெக்சோஃபெனடினைப் பழச்சாறோடு போட்டால் உடலில் சேருவது குறையும், தண்ணீரோடு போடுங்கள்.

மூக்கடைப்பு முக்கியத் தொல்லை என்றால் மாத்திரையைவிட மூக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரே நன்றாக வேலை செய்யும். ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் இந்த ரகம். 'ஸ்டீராய்டா!' என்று பயந்து நானே ஒரு வருடம் அலமாரியில் வைத்திருந்தேன். மூக்கில் மட்டும் தங்கும் சிறு அளவு அது. முழுப் பலனுக்கு ஒன்று இரண்டு வாரம் தினமும் அடிக்க வேண்டும். இரண்டு நாள் அடித்துவிட்டு 'கேட்கல' என்று தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். அடிக்கும் முறை: மூக்கைச் சிந்திவிட்டு, தலையைச் சற்றுக் குனிந்து, வலது துவாரத்துக்கு இடது கையாலும் இடதுக்கு வலது கையாலும் பிடித்து, நுனியைக் காதுப் பக்கமாகச் சாய்த்து அடியுங்கள். நடுத்தண்டில் பட்டால் ரத்தம் கசியும். மெதுவாக இழுங்கள்; தொண்டையில் கசந்தால் பலமாக இழுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கடையில் கேட்டவுடன் கொடுக்கும் சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் சொட்டு மருந்து ஐந்தே நிமிடத்தில் மூக்கைத் திறக்கும். ஐந்து நாளுக்கு மேல் போட்டால் மருந்தே அடைப்பைத் தரும், பிறகு அது இல்லாமல் தூங்க முடியாது. மொன்டெலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரை எழுதினால், மனநிலை மாற்றம், கெட்ட கனவு வருகிறதா என்று கவனியுங்கள். 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்குக் கடுமையான எச்சரிக்கை வெளியிட்டது.

உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது எளிது, நல்லது. கொதித்து ஆறிய தண்ணீரில்தான் செய்ய வேண்டும். தாமிரபரணித் தண்ணீர் எவ்வளவு ருசியாக இருந்தாலும் குழாயில் பிடித்து நேரே மூக்கில் ஊற்றாதீர்கள். மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் ஏறும். அரை லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, அதே அளவு சமையல் சோடா.

நொச்சி இலை ஆவி கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், பிடியுங்கள், சுடுதண்ணீரைப் பிள்ளை மேல் கவிழ்க்காமல். தூதுவளை ரசமும் சாப்பிடுங்கள். ஆனால் பெயர் ஒட்டாத பொட்டலத்தில் 'ஆஸ்துமா ஓடிவிடும்' என்று விற்கும் பொடி வேண்டவே வேண்டாம். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல முறை பிடிபட்டிருக்கிறது. மூன்று நாளில் நன்றாக ஆனாலே சந்தேகப்படுங்கள். மெடிக்கலில் சீட்டில்லாமல் கொடுக்கும் 'சின்ன வெள்ளை மாத்திரை'யும் பல சமயம் அதுதான்.

படி 7: இளைப்பு இருந்தால்

'இன்ஹேலர் பழகிப்போகும்' என்பது எங்கள் ஊரில் படித்தவர்களும் சொல்வது. பழகாது. மாத்திரையாக உடம்பெல்லாம் சுற்றும் மருந்தைவிட, மிகச் சிறிய அளவு நேரே நுரையீரலுக்குப் போகிறது, அவ்வளவுதான். இன்ஹேலரோடு மாட்டும் ஸ்பேசர் குழாய் வைத்து இழுங்கள், ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் பிறகு வாய் கொப்பளியுங்கள். உடனடி நிவாரண இன்ஹேலரை வாரம் இரண்டு தடவைக்கு மேல் எடுக்கவேண்டி வந்தால் நோய் கட்டில் இல்லை என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, விலா எலும்புக்கு இடையே தோல் உள்ளே இழுக்கிறது, உதடு நீலம் பாய்கிறது, நிவாரண இன்ஹேலர் கேட்கவில்லை என்றால் 108. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

படி 8: ஒவ்வாமைத் தடுப்பு ஊசி

உங்களுக்கு ஆகாத அதே உண்ணிச் சாற்றை மிகக் குறைந்த அளவில் தொடங்கி, ஊசியாகவோ நாக்கின் கீழ் சொட்டாகவோ கூட்டிக்கொண்டே போய் உடலைப் பழக்கும் சிகிச்சை. மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும். சோதனையில் உண்ணி உறுதியாகி, நோட்டும் அதையே சொல்லி, மருந்தும் படுக்கை ஏற்பாடும் போதாதபோது யோசிக்கலாம். ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும், உடல் முழுவதும் ஒவ்வாமை கிளம்பும் ஆபத்து உண்டு. உட்காரவைக்காமல் அனுப்பும் இடத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆஸ்துமா கட்டுக்குள் வராதவருக்கு இது கூடாது. நான் இதற்குப் போகவில்லை. செலவும், பாளையங்கோட்டைக்கு அலைச்சலும் எனக்குக் கட்டுப்படியாகவில்லை, தேவையும் வரவில்லை.

இப்போது என் ஏற்பாடு இதுதான். வைகாசி கடைசியில் தலையணை வெயிலுக்குப் போகும். ஆனி பிறந்ததும், மருத்துவர் சொன்னபடி, சாரலுக்கு இரண்டு வாரம் முன்பே மூக்கு ஸ்ப்ரேயைத் தொடங்கிவிடுவேன். புரட்டாசியில் அவரைப் பார்த்துக் குறைப்பேன். போன ஆடியில் நோட்டில் விழுந்தது மொத்தம் ஆறு நாள். அதில் இரண்டு நாள் கல்யாண வீட்டில், யாருடையதோ தெரியாத பழைய தலையணையில் படுத்தது. பால் வாங்கக் கிளம்ப ஆச்சி இப்போது அலாரம் வைத்துக்கொள்கிறாள்.